ராவியும் ஆறாத புண்

அம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. வாட்சைக் கழட்டினாங்க. தோள்ல தொங்கின பையைக் கழட்டி என் மடியில போட்டாங்க. பல்லை மட்டும் கழட்டமாட்டாங்களாம்.

"செட்டோடயே பாருங்க டாக்டர். கழட்டுறதெல்லாம் வேண்டாம்."

எனக்கு அப்பவே பத்திக்கிட்டு வந்துச்சு.

எங்க வீட்டுக் கதையை வாராவாரம் படிக்கிறவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடலாம். புதுசா வந்தவங்களுக்கு மட்டும் சொல்றேன். எங்கம்மா காய்கறி மொத்தச் சந்தையில ஏலம் கூவுறவங்க. மைக் பிடிச்சதே கிடையாது, அதனாலயே பேரு மைக்கம்மா. கூவி முடிச்சு, உள்ளங்கையால மரப்பெட்டி மேல ஓங்கி ஒரு அடி அடிச்சாங்கன்னா விலை படிஞ்சது. அதுக்கப்புறம் எந்தக் கொம்பன் வந்து கெஞ்சினாலும் நடக்காது. அப்பா பல்செட் கட்டுறவரு. டாக்டர்ங்க அளவெடுத்து அனுப்புவாங்க, வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பட்டறையில இவரு பல்லு கட்டி அனுப்புவாரு. நான் இவங்க ரெண்டு பேருக்கும் ஒரே பொண்ணு. லிஃப்ட் மெக்கானிக்.

போன வாரம் தக்காளி ஏலத்துல அம்மாவுக்கு நாக்கு புரளாம, கூவல் பாதியில நின்னுபோச்சு. சந்தையே பாத்துக்கிட்டு நிக்க, பெட்டியை அடிக்காமலே இறங்கி வந்துட்டாங்க. இடது பக்கம் நாக்கோரத்துல ஒரு புண்ணு. அது மாசக்கணக்கா இருக்குங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். "செட்டைச் சுத்தம் பண்ணிட்டு வரலாம் வாம்மா"ன்னு பொய்யைச் சொல்லி, அப்பா செட்டுக் கட்டிக் குடுக்கிற இந்தப் பல் டாக்டரம்மாகிட்டயே கூட்டிட்டு வந்தேன்.

"பல்லே இல்லாதவளுக்குப் பல் டாக்டர் எதுக்குன்னுதான் இத்தனை வருஷமா வராம இருந்தேன். இவ இழுத்துட்டு வந்துட்டா"ன்னு அம்மா என்னைக் காட்டினாங்க.

"பல்லு இல்லைன்னா என்னம்மா? வாய் இருக்குல்ல?"

"அது இருக்கு டாக்டர். ஊருக்கே தெரியும்."

டாக்டர் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே கையுறையை மாட்டினாங்க. "நாற்காலியில உக்காருற எல்லாருக்கும் நான் பண்றதுதான். வாயில புற்றுநோய் அறிகுறி ஏதாவது இருக்கான்னு ஒரு பார்வை. வலிக்காது. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது."

புற்றுநோய்ங்கிற வார்த்தை வந்ததும் அம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. 'செட்டைச் சுத்தம் பண்ணன்னுதானே சொன்னே?' அந்தப் பார்வைக்கு அதுதான் அர்த்தம். நான் சுவத்துல ஒட்டியிருந்த பல்லுப் படத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

டாக்டர் மொதல்ல கழுத்தைத் தடவிப் பாத்தாங்க, ரெண்டு பக்கமும், தாடைக்குக் கீழ. இடது பக்கம் விரல் ஒரு இடத்துல நின்னுச்சு. வலது பக்கம் போச்சு. மறுபடியும் இடது பக்கம் வந்துச்சு. லிஃப்ட் ரிப்பேருக்குப் போற நான், சத்தம் வர்ற இடத்துல இப்படித்தான் ரெண்டாந்தரம் கையை வைப்பேன். 

"இப்ப செட்டைக் கழட்டுங்கம்மா."

"மாட்டேன்."

அப்பா மூலையில நின்னுக்கிட்டு இருந்தாரு. "செட்டு இருந்தாலும் நாக்கு தெரியுமே டாக்டர்"னாரு, மெதுவா.

"ஐயா, நீங்களுமா?"

விஷயம் என்னன்னா, அம்மாவைப் பல்லில்லாம நான் பாத்ததே இல்லை. நான்னு இல்லை, அப்பாவைத் தவிர யாருமே பாத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னாடி, சந்தையில ஒரு லாரியோட பின்கதவு முகத்துல அடிச்சு, அம்மாவோட முன்பல்லெல்லாம் போச்சு. அப்ப அதைக் கட்டிக் குடுத்தவருதான் எங்கப்பா. கட்டின பல்லை மாட்டிவிட்டு, "சிரிங்க பாப்போம்"னாராம். அம்மா சிரிச்சாங்களாம். அங்க ஆரம்பிச்ச கதை, நான் பொறக்கிற வரைக்கும் வந்துச்சு. மிச்சப் பல்லும் வருஷத்துக்கு ஒண்ணா ஆடி விழ, ஒவ்வொண்ணையும் அப்பாதான் கட்டினாரு. அம்மா தூங்குறதுகூட செட்டோடதான். நல்ல கதைதான், நான் இல்லைங்கல. ஆனா அந்த நல்ல கதையை வச்சுக்கிட்டு வாயைத் திறக்கமாட்டேன்னா என்ன அர்த்தம்?

"அம்மா, கழட்டும்மா! உன்னை யாரு இங்க பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?"

"மொதல்ல இவளை வெளியே போகச் சொல்லுங்க டாக்டர். அப்பத்தான் கழட்டுவேன்."

பெத்த பொண்ணை வெளியே அனுப்பிட்டாங்க. கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டு, ஒட்டுக் கேக்கறோமேன்னு வெக்கம்கூட இல்லாம ஒட்டுக் கேட்டேன்.

"நாக்கை நீட்டுங்க. இன்னும் கொஞ்சம். துணியால பிடிச்சுக்கறேன், பயப்படாதீங்க."  அப்புறம் டாக்டர் குரல், வேற மாதிரி. "ஐயா, இதை நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். செட்டு உரசுது. உரசுற இடத்தை ராவிக் குடுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"எத்தனை தடவை ராவினீங்க?"



என்னை உள்ளே கூப்பிட்டப்போ அம்மா செட்டை மறுபடி மாட்டியிருந்தாங்க. உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு, ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. டாக்டர் சுத்தி வளைக்கல.

"நாக்கோரத்துல சிவப்பும் வெள்ளையுமா ஒரு திட்டு இருக்கு. ஓரம் தடிச்சிருக்கு, தொட்டா கெட்டியா இருக்கு. இது கேன்சர்னு நான் சொல்லல. இல்லைன்னும் சொல்லமாட்டேன். கண்ணால பாத்துச் சொல்ற விஷயமில்லை இது. துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்பணும். இன்னைக்குச் சாயங்காலம் சர்ஜன் இங்க வர்றாரு. இன்னைக்கே எடுத்துடலாம்."

"நான் சிகரெட் தொட்டதில்லை. புகையிலை தொட்டதில்லை. எனக்கு எப்படி வரும்?" அம்மா ஜன்னலைப் பாத்துக்கிட்டேதான் கேட்டாங்க.

"தொட்டவங்களுக்கு அதிகமா வரும்மா. தொடாதவங்களுக்கும் வரும். ஆரம்பத்துலயே பிடிச்சா பயப்பட வேண்டியதில்லை. அதுக்குத்தான் அவசரப்படுத்தறேன்."

அப்போதான் அப்பா வெடிச்சாரு. எங்கப்பா குரலை உசத்தி நான் கேட்டதில்லை. வீட்டுல ஒரு மைக் போதும்னு இருந்தவரு.

"செட்டுப் புண்ணு டாக்டர் அது! நான் எத்தனை வருஷமா செட்டுக் கட்டறேன், எனக்குத் தெரியாதா? கீழ்ச்செட்டு இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா போச்சு. என் தப்பு. புதுசா கட்டிப் போட்டா சரியாயிடும். அதுக்குப் போயி அவ நாக்கை வெட்டணுமா?"

"ஐயா, உங்க வேலையை நான் குறையே சொல்லல."

"பின்ன?"

"ரெண்டு வாரத்துல ஆறாத புண்ணு எதுவா இருந்தாலும் என்கிட்ட அனுப்புங்கன்னு உங்ககிட்ட சொன்னது யாரு? நான்தானே? எத்தனை பேரை அனுப்பி வச்சீங்க! ஊர்ல இருக்கிற வாயெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுது, உங்க வீட்டு வாய் தெரியலையா?" டாக்டர் கையுறையை உருவி, மூடியைத் திறந்து, குப்பையில போட்டாங்க. கோபத்துல போட்ட வேகத்துல மூடி திரும்ப மூடாம நின்னுச்சு.

நான் அம்மா பக்கம் போனேன். "அம்மா, சாயங்காலம் வரோம்னு சொல்லு."

அம்மா அப்பா முகத்தைப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் நாற்காலிக் கைப்பிடி மேல உள்ளங்கையால ஒரு அடி அடிச்சாங்க. "அவரு செட்டுப் புண்ணுன்னா செட்டுப் புண்ணுதான். கிளம்பலாம்."

விலை படிஞ்சாச்சு. எந்திரிச்சுப் போயே போயிட்டாங்க.

வீடு ரெண்டு தெரு தள்ளி. அம்மா முன்னாடி நடக்க, அப்பா நடுவுல, நான் கடைசி. யாரும் யாரோடயும் பேசல. பஸ் ஸ்டாப் பக்கத்துல சந்தையில மூட்டை தூக்குற ரெண்டு பேரு நின்னுக்கிட்டு இருந்தாங்க. "மைக்கம்மா! எப்ப வரீங்க? நீங்க இல்லாம சந்தை சந்தையாவே இல்லை, கொசு பாடுற மாதிரி இருக்கு!" ஒருத்தன் கத்தினான். மத்த நாளா இருந்தா அம்மா குடுக்கிற பதிலுக்கு எதிர்ச் சாரியில போறவங்ககூட நின்னு சிரிப்பாங்க. அன்னைக்குக் கையை மட்டும் ஆட்டிட்டு நடந்தாங்க. வாயைத் திறக்கல. பேசினா குழறும்னு அவங்களுக்குத் தெரியும். பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எங்கம்மாவுக்குப் பல்லு போயும் சொல்லு போகல. இப்பப் போகுது. அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடந்தாரு. அவரு முதுகைப் பாக்கப் பாக்க எனக்கு எரிஞ்சுச்சு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அப்பா நேரா பட்டறைக்குப் போனாரு. நானும் விடாம பின்னாலயே போனேன்.

பட்டறைன்னா சின்ன ரூம்தான். எதைத் தொட்டாலும் அச்சு வார்க்கிற வெள்ளை மாவு கையில ஒட்டும். அலமாரி நிறைய வாய் வாயா மாவு அச்சு. மேஜை மேல ரோஸ் கலர் மெழுகு, சின்ன அடுப்பு, ராவுற மோட்டாரு. அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, அம்மாவோட கீழ்த்தாடை அச்சை எடுத்தாரு. மெழுகைச் சூடு பண்ண ஆரம்பிச்சாரு. என்னமோ அவசர ஆர்டர் வந்த மாதிரி.

"என்ன பண்றீங்க?"

"புது செட்டு. நாளைக்குள்ள முடிச்சிடுவேன்."

"அப்பா, ஒரு லிஃப்டுக் கதவு சிக்குதுன்னா எண்ணெய் போடுவேன். மறுபடி சிக்கினா மறுபடி போடுவேன். மூணாந்தரமும் அதே சத்தம் வந்தா, இது எண்ணெய்ச் சமாச்சாரம் இல்லைன்னு பெட்டியைத் திறந்து பாப்பேன். அந்த அறிவுகூட உங்களுக்கு இல்லையா?"

"லிஃப்டும் வாயும் ஒண்ணாடி?"

"சரி, வாய்க்கே வரேன். அந்த ஊதாப் பென்சிலை எடுங்க."

அப்பா கை நின்னுச்சு.

சின்ன வயசுலேருந்து பாக்கிற வித்தை அது. செட்டு எங்க உரசுதுன்னு தெரியணும்னா, புண்ணு மேல ஊதாப் பென்சிலால ஒரு பொட்டு வைப்பாரு. செட்டை மாட்டிக் கடிக்கச் சொல்லுவாரு. கழட்டிப் பாத்தா, செட்டுல உரசுற இடத்துல அந்த ஊதா மை ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் ராவினாப் போதும். மை பொய் சொல்லாதும்பாரு.

"அம்மாவைக் கூப்பிடறேன். நான் கண்ணைக்கூட மூடிக்கறேன். பொட்டு வச்சு மாட்டிப் பாருங்க. மை ஒட்டுச்சுன்னா செட்டுப் புண்ணுன்னு நான் ஒத்துக்கறேன். அப்புறம் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன். எடுங்கப்பா."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா விடேன்!"

"ஏன்னு சொல்லுங்க!"

அப்பா அடுப்பை அணைச்சாரு. மெழுகுக் கத்தியைத் துடைச்சு அதோட இடத்துல வச்சாரு. என்னைப் பாக்காம சொன்னாரு.

"மை ஒட்டாது."

"ஒட்டாதுன்னா?"

"ஒட்டி ரொம்ப நாளாச்சு. மொதல்ல ஒட்டுச்சு. ராவினேன். அப்புறம் ஒட்டவே இல்லை. அந்தப் பக்கம் செட்டு நாக்கைத் தொடறதே இல்லை."

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணுமே புரியல. "போன வாரம்கூட ராவிக் குடுத்தீங்களே. மோட்டார் சத்தம் நானே கேட்டேனே."

"மோட்டாரு ஓடுச்சு." அப்பா குரல் உடைஞ்சுது. "ஓடவிட்டு, செட்டைக் கையில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். அவ அந்தக் கதவுக்கு வெளியே வாயைத் துணியால மூடிக்கிட்டு உக்காந்திருப்பா. சத்தம் கேக்கணும்ல? கேட்டாத்தான் சரியாயிடும்னு நம்புவா. அன்னைக்கு ராத்திரி தூங்குவா."

எனக்கு வந்த கோபத்தை என்னன்னு சொல்றது! கையில கிடைச்சதை எடுத்து சுவத்துல அடிச்சேன். ஏதோ ஒரு மாவு அச்சு, யாரோட வாயோ, தூள் தூளா போச்சு. "அடப்பாவி மனுஷா!"ன்னு கத்தினேன். பெத்த அப்பாவை. "தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சும் மோட்டாரை ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க! பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? அம்மாவோட நாக்குப்பா! அது போச்சுன்னா நீங்க கட்டிக் குடுப்பீங்களா? பல்லு மாதிரி நாக்கும் கட்டுவீங்களா?"

அப்பா அழுதாரு. எனக்கு இரக்கமே வரல. பொய் சொல்லக் கூடாது, அன்னைக்கு வரல.

"எதுக்கு அவருகிட்ட கத்துறே?"

கதவுல அம்மா. சந்தைக்குப் போற பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னாங்க. எவ்வளவு நேரமா நிக்கிறாங்களோ. அப்பா பதறிப்போய் எந்திரிச்சாரு. ஸ்டூல் சாய்ஞ்சுது.

"மோட்டாரு சும்மா ஓடினது எனக்குத் தெரியும்"னாங்க அம்மா.



"ராவின செட்டை வாயில வச்சா கருகின பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். எத்தனை கழுவினாலும் அரைநாள் போகாது. இத்தனை வருஷமா இந்த வாயில வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? இப்ப கொஞ்ச நாளா வாசனையே இல்லை."

"தெரிஞ்சா ஏன்டி கேக்கல?" அப்பா கேட்டது எனக்கே சரியா கேக்கல.

"கேட்டா நீங்க பதில் சொல்லணுமே."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் கிளம்புச்சு பாருங்க மைக்கு. நாக்கு குழறுச்சு, வார்த்தை வழுக்குச்சு, எதையும் சட்டை பண்ணல.

"நல்லா நடிச்சோங்க ரெண்டு பேரும்! நீங்க எனக்காக மோட்டாரை ஓட்டினீங்க. நான் உங்களுக்காக 'இப்பப் பரவால்லைங்க, நல்லா ராவிட்டீங்க'ன்னேன். வலிச்சுச்சு! தண்ணி குடிச்சா எரிஞ்சுச்சு! பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிட்டேன், அதுவும் நீங்க கட்டின பல்லு! உங்க மனசு நோகக் கூடாது, என் மனசு நோகக் கூடாதுன்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டோம். நடுவுல அந்தப் புண்ணு மட்டும் ராஜா வீட்டுப் பிள்ளையாட்டம் வளந்துக்கிட்டு இருந்திருக்கு!"

"அம்மா, நான் அப்பவே..."

"நீ பேசாதே! நீ மட்டும் யோக்கியமா? செட்டைச் சுத்தம் பண்ண வான்னு கூட்டிட்டுப் போனே. ஏன், 'புண்ணைப் பத்தி எனக்குப் பயமா இருக்கும்மா, வா'ன்னு சொல்லியிருந்தா வந்திருக்கமாட்டேனா? நான் என்ன சின்னக் குழந்தையா? சந்தையில அத்தனை ஆம்பளைங்களைக் கட்டி மேய்க்கிறவ, தன் வாயில என்ன இருக்குன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாளா?"

நான் கையில ஒட்டின மாவைத் தட்டிவிட்டேன். 

அம்மா பையை இறக்கி வச்சாங்க. ரெண்டு விரலை வாய்க்குள்ள விட்டு, கீழ்ச்செட்டைக் கழட்டினாங்க. அப்புறம் மேல்செட்டு. என் முன்னாடி. ரெண்டையும் அப்பா மேஜை மேல வச்சாங்க.

முகம் சுருங்கிப்போச்சு. கன்னம் உள்ளே போயி, மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவுல ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. எங்கம்மாதான். ஆனா ரொம்பச் சின்ன அம்மா. எனக்குத் திரும்பிக்கணும் போல இருந்துச்சு. திரும்பல. பாத்துக்கிட்டே நின்னேன்.

"நல்லாப் பாத்துக்கோ. இதான் நான்"னாங்க. வார்த்தை காத்தாத்தான் வந்துச்சு. ஆனாலும் புரிஞ்சுது. "இனிமே என் வாயைப் பத்தி எந்தச் சேதி வந்தாலும் மொதல்ல என் காதுக்குத்தான் வரணும். இவரு காதுக்கும் இல்லை, உன் காதுக்கும் இல்லை. பொய் சொல்லி என்னைக் காப்பாத்துற வேலையை இன்னையோட விடுங்க."

மேஜை மேல ஒரு அடி. வெள்ளை மாவு புகை மாதிரி எழும்புச்சு.

"வண்டியை எடு. அந்த சர்ஜன் வந்திருப்பாரு."

வாசல்ல ஒரு வேன்காரன் எங்க கேட்டை மறிச்சு வண்டியை நிறுத்தி வச்சுட்டு போன் பேசிக்கிட்டு இருந்தான். அம்மா பொக்கை வாயோட அவன் ஜன்னல்ல குனிஞ்சு என்ன சொன்னாங்களோ, பாதி வார்த்தை எனக்கே புரியல. அவனுக்குப் புரிஞ்சுது. ரெண்டு நிமிஷத்துல தெரு காலி.

சர்ஜன் வயசுல சின்னவரு, மெதுவா பேசினாரு. நாக்குல ஊசி போட்டாரு. மரத்ததும் துளி சதையை எடுத்து, மருந்துத் தண்ணி இருந்த சின்ன பாட்டில்ல போட்டாரு. ஒரு தையல். பயறு அளவுகூட இருக்காது அந்தச் சதை. அதுக்குப் பயந்துதான் இவ்வளவு நாளும் நடிச்சிருக்காங்க. அம்மா முனகக்கூட இல்லை. அப்பா செட்டு ரெண்டையும் கைக்குட்டையில சுத்தி நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"லேப் முடிவு வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் கீழ்ச்செட்டு போட வேண்டாம்"னாரு சர்ஜன். அப்புறம் அவரும் அம்மாவோட கழுத்தைத் தடவினாரு. இடது பக்கம். எங்க டாக்டரம்மாவைப் பாத்தாரு. ரெண்டு பேரும் பக்கத்து ரூமுக்குப் போய்ப் பேசினாங்க. வெளியே வந்தப்போ, "நீங்க வீட்டுக்குப் போங்க, நாங்க கூப்பிடறோம்"னாங்க. முன் மேஜையில பேரு எழுதுற பொண்ணு போன் நம்பர் கேட்டா. பழக்க தோஷத்துல என் நம்பரைக் குடுத்தேன்.

ராத்திரி ஆயிடுச்சு. அம்மா சாப்பாட்டு மேஜையில உக்காந்து, ஆறின பாலைக் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. மரப்பு விட்டுப்போச்சு, வலி ஆரம்பிச்சிருக்கும். செட்டு போடல. மேல்செட்டைக்கூடப் போடல. அப்பா எதிர்ல உக்காந்திருந்தாரு. பட்டறையில விளக்கு எரியல. யாரும் பேசல, ஆனா மத்தியானம் தெருவுல நடந்த மாதிரி இல்லை இது. கோபம் அப்படியேதான் இருந்துச்சு. மூணு பேரும் ஒரே மேஜையில உக்காந்து கோபப்பட்டுக்கிட்டு இருந்தோம்.

என் போன் அடிச்சுது. டாக்டரம்மா நம்பரு.

ஒரு வாரம்னு சொன்னவங்க ஒரு பொழுது தாண்டல, ஏன் கூப்பிடறாங்க? எடுத்தேன். 

"நான்தான் பேசறேன். கழுத்துல ஒரு இடம், அதைப் பத்தி சர்ஜன் ஒண்ணு சொன்னாரு. லேப் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்னு நெனைக்கிறோம்." டாக்டர் குரல் தணிஞ்சிருந்துச்சு. "அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

மேஜைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினா தொடுற தூரத்துல, அம்மா பால் டம்ளரை வச்சுட்டு என்னைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. சின்ன முகம். தையல் போட்ட நாக்கு. 

"இல்லை டாக்டர்"னேன். "உள்ளே படுத்துத் தூங்கறாங்க. என்கிட்டயே சொல்லுங்க."

சொல்லி முடிச்சதும்தான் எனக்கே உறைச்சுது. மத்தியானம் அந்த மனுஷனைப் பாவின்னு கத்தினவ நான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. நானும் சும்மா மோட்டாரை ஓடவிட்டுட்டேன்.

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு.  

மேஜை மேல ஒரு அடி விழுந்துச்சு. டம்ளர் குதிச்சுச்சு. சந்தையில நான் கேட்ட எந்த அடியும் அவ்வளவு பலமா இருந்ததில்லை.

"என்ன சத்தம்?"னாங்க டாக்டர் போன்ல.

அம்மா கையை நீட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் போனை ஸ்பீக்கர்ல போட்டு, அந்தக் கையில வச்சேன். வாயைத் திறக்கிறப்போ வலியில அவங்க கண்ணு சுருங்குச்சு.

"நான் தூங்கல டாக்டர். முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன். என்கிட்ட சொல்லுங்க."